மூன்று மாத ஓய்வு

அத்தியாயம் 14

புதன்கிழமை காலை, குளத்தின் நடுவில் நீச்சலை நிறுத்திவிட்டு ஈரத் தலையோடு தனியாக வீடுவரை நடந்தே வந்துவிட்டாள் நிக்கோல். வெள்ளிக்கிழமை ஆகியும் அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டாடி கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவள் அப்பா ஓஸ்வால்ட் கத்தவில்லை. வியாழக்கிழமை காலை நாலரைக்கு எப்போதும்போல கதவைத் தட்டி, "நிக்கி, எழுந்திரும்மா" என்று மட்டும் சொன்னார். அவளும் எழுந்து, அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, எதுவுமே நடக்காததுபோலப் போய்த் தண்ணீரில் குதித்தாள்.

வெள்ளிக்கிழமையும் அப்படியே.

இருநூறு மீட்டர் பட்டர்ஃபிளை அவளுடையது. இரண்டு கைகளையும் சேர்த்துத் தூக்கி வீசி, மார்பால் தண்ணீரைப் பிளந்துகொண்டு போகும் நீச்சல். போன வருஷம் மாநிலத்தில் முதலாவதாக வந்தபோது இரண்டு நிமிடம் முப்பத்தொரு நொடி. இந்த வெள்ளிக்கிழமை காலை இரண்டு நிமிடம் நாற்பத்து மூன்று.

கோச் கோவிந்தப்பா கரையில் நின்று தலையை ஆட்டினார்.

"ஏனம்மா, பதினேழு வயசுல இந்த டைமா? வீட்ல கேட்டா எல்லா டெஸ்டும் நார்மல்னு சொல்றாங்க. உடம்புல ஒண்ணும் இல்லன்னா அப்பறம் எங்க இருக்கு? இங்கதானே?" என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

 நிக்கோலும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

ஜூலை மாதம் மம்மி அவளை வனஜா டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து மம்மி மட்டும் போய் ரிசல்ட் வாங்கி வந்தாள். "ஒண்ணுமில்லயாம் நிக்கி. எல்லாம் மனசுதானாம். கொஞ்சம் வில் பவர் வேணுமாம்" என்றாள்.

அன்றைக்கே நிக்கோல் ஒரு துண்டுக் காகிதத்தில் 'சோம்பேறி' என்று எழுதித் தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். தினமும் உடுப்பு எடுக்கும்போது கண்ணில் படவேண்டும் என்று. பிராக்டிஸ் முடிந்து மற்ற பெண்கள் துவட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் இன்னும் எட்டு லெங்த் நீந்தினாள். கல்லூரியில் இரண்டாவது பீரியடிலேயே தூங்கி விழுந்தாள். மாடிப்படி ஏறினால் கால் நடுங்கியது. சோம்பேறி, சோம்பேறி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டு மேஜையில் ஓஸ்வால்ட் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். மாநில அணி கேம்ப்புக்கான விண்ணப்பம். நாளை சாயங்காலத்துக்குள் கொடுக்கவேண்டும்.

"எல்லாம் ஃபில் பண்ணிட்டேன். டாக்டர் ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட் மட்டும் பாக்கி."

"மார்க்கெட் எதிர்ல இருக்காரே அந்த டாக்டர்கிட்ட வாங்கிக்கோ. ரெண்டு நிமிஷத்துல போட்டுக் குடுத்துருவாரு" என்றாள் ஜூடித், நிக்கோலின் தட்டில் இன்னொரு முட்டையை வைத்தபடி.

"வனஜா டாக்டருக்குத்தானே மம்மி என்னைத் தெரியும்?"

"அங்க கும்பல் ஜாஸ்தி. சும்மனே ரெண்டு மணி நேரம் ஒக்காரணும். கையெழுத்து தானே, யார் போட்டா என்ன?"

சொல்லிவிட்டு ஜூடித் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். ஐந்தாம் வகுப்பு டீச்சர். வாசலில் நின்று மகளின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள். கோச் திட்டினாலும், டாடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தோளுக்குத் தைலம் தேய்ப்பவள் மம்மிதான். இந்த வீட்டில் தன் கட்சி மம்மி என்பதில் நிக்கோலுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

மத்தியானம் கல்லூரி விட்டு வந்து பார்த்தால், மார்க்கெட் எதிரில் இருந்த டாக்டரின் கிளினிக் பூட்டியிருந்தது. டாக்டர் ஊருக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வருவார் என்று ஓர் அட்டை தொங்கியது.

நிக்கோல் வீலர் ரோடு பக்கம் நடந்தாள்.

வனஜா டாக்டர் கிளினிக்கில் கும்பலே இல்லை. இருமலோடு ஒரு கிழவரும் குழந்தையோடு ஒரு பெண்ணும்தான். கால் மணி நேரத்தில் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் அவளைப் பார்த்ததும் சிரித்தார். "வாம்மா நிக்கோல். கரெக்டா மூணு மாசம் கழிச்சு வந்துட்டே. இப்ப எப்படி இருக்கு? நல்லா தூங்கறியா?"

"சர்ட்டிஃபிகேட் வேணும் டாக்டர். ஸ்டேட் கேம்ப்புக்கு."

"குடுத்துட்டாப் போச்சு. மொதல்ல பல்ஸ் பாக்கலாம்." கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தவரின் சிரிப்பு மெல்லப் போனது. இன்னொருமுறை எண்ணினார். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். எடை போடும் மிஷினில் நிற்கச் சொன்னார். "ஜூலையில இருந்ததவிட மூணு கிலோ கம்மி. என்னம்மா பண்ணே ரெஸ்ட்ல இருந்துக்கிட்டு?"

"ரெஸ்ட்டா?"

"ஏன், மூணு மாசம் தண்ணிப் பக்கமே போகக்கூடாதுன்னு சொன்னேனே?"

நிக்கோலுக்கு முதலில் அது வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிய பேச்சு என்று பட்டது. டாக்டர் ஃபைலை மாற்றி எடுத்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"காலையிலகூட நீந்தினேன் டாக்டர். தினமும் ரெண்டு வேளை."

டாக்டர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். பீரோவைத் திறந்து ஒரு ஃபைல் எடுத்துப் பிரித்து, மேஜைமேல் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். நிக்கோல் ஓஸ்வால்ட், வயது 17. ஜூலை பதினொன்று. ரத்தத்தில் இரும்புச் சத்து மிகக் குறைவு. அளவுக்கு மீறிய பயிற்சியால் உடல் முழுவதும் களைத்துப் போயிருக்கிறது. மூன்று மாதம் முழு ஓய்வு. எந்தப் போட்டியும் கூடாது. கீழே கையெழுத்து.

"உங்கம்மா கையிலதான் குடுத்தேன். அரை மணி நேரம் இங்க ஒக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டுப் போனாங்க. அப்பறம் நானே ரெண்டு தடவ வீட்டுக்குப் போன் பண்ணேன். 'ரெஸ்ட்லதான் இருக்கா டாக்டர், நல்லா தூங்கறா'ன்னாங்க."

"மம்மியா சொன்னாங்க?"

"ஆமா."

"வில் பவர் இல்லன்னு நீங்க சொல்லவேயில்லயா?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வில் பவரா? இந்த ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு நீ மாடிப்படி ஏறினதே பெருசும்மா. மூணு மாசம் நீந்தியிருக்கேன்னா... உன்கிட்ட வேற எது இல்லன்னாலும் சொல்லு, அது இல்லன்னு மட்டும் சொல்லாதே."

அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது. மூன்று மாதம் தன்னைத் தானே திட்டிக்கொண்ட வசவுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. டாக்டர் சர்ட்டிஃபிகேட் தரவில்லை. ஜூலை கடிதத்தின் நகலைத்தான் கொடுத்து அனுப்பினார்.

நாலே கால் மணிக்கு ஜூடித் வீட்டுக்கு வந்தபோது நிக்கோல் ஹாலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மேஜையில் கடிதம்.

ஜூடித் அதைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டாள். தோளில் மாட்டியிருந்த பையை இறக்கவில்லை.

"அங்க ஏன் போனே? நான் மார்க்கெட் டாக்டர்னு சொன்னேன்ல?"

"மம்மி, அதையா கேக்கறீங்க இப்ப?"

ஜூடித் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கோச் என்னை எல்லார் முன்னாடியும் என்னென்ன கேட்டாரு தெரியுமா? ஜூனியர் பசங்கள்லாம் சிரிச்சாங்க. ஒவ்வொரு நாளும் வந்து உங்ககிட்டதானே சொல்லி அழுதேன்? நீங்க தைலம் தேச்சுக்கிட்டே கேட்டீங்களே மம்மி! தேய்க்கறப்ப உங்களுக்கு ஒண்ணுமே தோணலயா?"

"தோணாம இருக்குமா?"

"அப்பறம் ஏன்?"

ஜூடித் வாசல் பக்கம் பார்த்தாள். ஓஸ்வால்ட் கிளப்பிலிருந்து வர இன்னும் நேரமிருந்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"டாடி ஃபாக்டரி வேலையை விட்டுட்டு ஒக்காந்திருந்தாரே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. டெலிபோன் ஃபாக்டரியில் இருபத்தாறு வருஷம் சூப்பர்வைசர். ஆட்குறைப்பு என்று சொல்லி, விருப்ப ஓய்வு என்ற பெயரில் அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் அவர் ஷேவ் செய்துகொள்ளவில்லை. கோயிலுக்கு வரவில்லை. ஜன்னலோர நாற்காலியிலேயே கிடந்தார். அப்புறம் நிக்கோல் மாவட்டப் போட்டியில் ஜெயித்தாள். கிளப்பில் நேரம் குறிக்க ஆள் வேண்டும் என்று கோவிந்தப்பா கேட்டார். ஓஸ்வால்ட் எழுந்து போனார். அன்றிலிருந்து பழைய மனுஷர்.

"போன வருஷம் பிப்ரவரில, ஒரு சனிக்கிழமை. ஸ்கூல்ல அரை நாள் லீவ் விட்டாங்க. ஜன்னல் வழியா பாத்தேன். மேஜையில ஒக்காந்து எழுதிக்கிட்டிருந்தாரு. மூஞ்சியைப் பாத்ததுமே எனக்கு ஏதோ சரியில்லன்னு ஆயிடுச்சு. திரும்பிப் போய் கேட்டை டமால்னு சாத்தி, சத்தமா உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வந்தேன். எழுந்து உள்ள போயிட்டாரு. எழுதினதை அப்பறம் நான் எடுத்துப் படிச்சேன்." ஜூடித்தின் உதடு கோணியது. "நான் அன்னிக்கு எப்பவும்போல சாயங்காலம் வந்திருந்தா, அவர் இருந்திருக்கமாட்டாரு நிக்கி."

நிக்கோலுக்கு ஹாலில் இருந்த எல்லாமே கொஞ்சம் தள்ளிப்போனதுபோல இருந்தது.

"அந்த லெட்டர் எங்க?"

"அடுப்புல போட்டுட்டேன். அவருக்குத் தெரியாது. டாக்டர் மூணு மாசம்னதும் எனக்கு அந்த சனிக்கிழமைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. நீ நின்னுட்டா அவர் காலையில எதுக்கு எழுந்திருப்பாரு? மறுபடி அந்த நாற்காலிதானே? ஸ்டேட் முடியற வரைக்கும் ஓட்டிடலாம்னு பாத்தேன். தப்புதான். எனக்கு வேற வழி தெரியல."

நிக்கோல் எழுந்து நின்றாள்.

"என் உடம்பை எடுத்து அவருக்குக் குடுத்தீங்க. சரி. என்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன் மம்மி. எழுந்திருக்க முடியலன்னாலும் எழுந்திருப்பேன். டாடிக்காகன்னு தெரிஞ்சா செஞ்சிருப்பேன். நீங்க கேக்கல. எனக்கு வில் பவர் இல்லன்னு சொன்னீங்க."

 ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. "ப்ளீஸ் நிக்கி" என்று ஜூடித் கடிதத்தை எடுக்கக் கையை நீட்டினாள். நிக்கோல் அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஓஸ்வால்ட் உற்சாகமாகத்தான் உள்ளே வந்தார். "கோவிந்தப்பா ரெகமண்டேஷன் எழுதிட்டாரு. சர்ட்டிஃபிகேட் ஆச்சா?"

இருவரின் முகத்தையும் பார்த்ததும் நின்றார்.

நிக்கோல் கடிதத்தை நீட்டினாள். அவர் கையை நீட்டி எட்டப் பிடித்துப் படித்தார். ஒருமுறை முழுக்க. பிறகு மேலே தேதியை மட்டும்.

"ஜூலையா?" என்றார். "இது ஜூலைலயே வந்துச்சா?"

ஜூடித் தலையசைத்தாள்.

"அதுக்கப்பறம் தினமும் நாந்தானே கதவைத் தட்டினேன்? எழுந்திருக்க முடியல டாடின்னு அவ சொல்லுவா. அஞ்சு நிமிஷம்கூட விடமாட்டேன். போர்வையைப் பிடிச்சு இழுத்திருக்கேன்." அவர் குரல் உயரவில்லை. "என் கையாலயே செய்ய வச்சிட்டியே ஜூடித். ஏன்?"

ஜூடித் மகளைப் பார்த்தாள். நிக்கோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லு. எதுக்கு மறைச்சே?"

"பயம்."

ஓஸ்வால்ட் கடிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "அந்த சனிக்கிழமையா?" என்றார்.

ஜூடித்தின் கை வாய்க்குப் போனது.

"மேஜை மேல வச்ச லெட்டர் காணோம். எலியா தூக்கிட்டுப் போச்சுன்னு நெனச்சிருப்பேன்? நீ எடுத்துட்டேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீ கேக்கல. நானும் சொல்லல."

நிக்கோல் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தாள்.

"அப்போ ரெண்டு பேருக்கும் தெரியும். ஒன்றரை வருஷமா. தெரியாதவ நான் ஒருத்திதான்." அவள் ஓஸ்வால்ட் பக்கம் திரும்பினாள். "நான் நீந்தினாத்தான் நீங்க நல்லா இருப்பீங்கன்னு உங்களுக்கும் தெரியுமா டாடி? தெரிஞ்சேதான் தினமும் தட்டினீங்களா?"

இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். ஓஸ்வால்ட் பொய் சொல்லவில்லை. தலை குனிந்துகொண்டார்.

அதுதான் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. விண்ணப்பத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள்.

"டாக்டர் மூணு மாசம் ரெஸ்ட்னுதான் சொன்னாங்க. அவங்க மூணு மாசம் கழிச்சு போகலாம்பாங்க. நான் போகமாட்டேன். பேஜாராயிடுச்சு எனக்கு. இனிமே நீந்தல. கோச்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சரிம்மா" என்றார் ஓஸ்வால்ட். அவ்வளவு சீக்கிரம் சரி என்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. சண்டை போடுவதற்கு எதிரே யாரும் இல்லாமல் போனது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

உள்ளே போய்ப் பையில் நாலு சுரிதாரையும் பாடப் புத்தகங்களையும் திணித்தாள். ஜூடித் வாசற்படியை மறித்து நின்றாள்.

"எங்க போறே?"

"விவேக் நகருக்கு. பெரியம்மா வீட்டுக்கு."

"இப்பவா? நான் செஞ்சது தப்பு. திட்டு. ரெண்டு அடி வேணா அடி. வீட்டை விட்டுப் போகாதே நிக்கி."

"உங்க பக்கத்துல படுத்தா எனக்குத் தூக்கம் வராது மம்மி. டாக்டர் தூங்கச் சொல்லியிருக்காங்க."

ஜூடித் அடி வாங்கியவள்போல ஒதுங்கினாள்.

கேட்டைத் திறக்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். ஓஸ்வால்ட். கையில் ஓர் உறை.

"அப்ப... நான் ரெண்டு லெட்டர் எழுதினேன். மம்மி ஒண்ணுதான் பாத்தா. இது உனக்கு." உறையை நீட்டினார். "இது என்கிட்ட இருக்கக்கூடாது. எடுத்துக்கிட்டுப் போயிடு. ஆனா இப்ப படிக்காதே. பெரியம்மா வீட்டுக்குப் போயி, அவங்க பக்கத்துல ஒக்காந்து படி."

அவள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "வர்றேன்" என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் திரும்பிப் பார்க்கவுமில்லை.

இருட்டிய பிறகுதான் வந்த சிவாஜிநகர் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. அங்கே இறங்கி விவேக் நகருக்கு வேறு பஸ் மாறவேண்டும். டிக்கெட் வாங்கி உள்ளே வைக்கப் பையைத் திறந்தபோது உறை கையில் தட்டுப்பட்டது.

எடுத்துப் பார்த்தாள். 'நிக்கோலுக்கு' என்று அவருடைய சாய்ந்த கையெழுத்து. ஒட்டிய இடம் பிரிக்கப்படவில்லை. இப்படியொரு காகிதத்துக்குப் பயந்துதான் மம்மி அத்தனை பொய்யும் சொன்னாள். இன்னொன்று எழுதப்படக்கூடாது என்றுதான் தன்னைத் தினமும் தண்ணீரில் தள்ளினார்கள். ஆனாலும் பலித்துவிட்டது, இல்லையா? டாடி உயிரோடு இருக்கிறார். தன் தோளும் ரத்தமும் போனாலும் அந்த மட்டுக்கு வீண் போகவில்லை. முதல்முறையாக அவளுக்கு மம்மிமேல் இருந்த கோபம் ஓர் இழை தளர்ந்தது.

பஸ் ஒரு சிக்னலில் நின்றது. கடை விளக்கு ஒன்றின் வெளிச்சம் உறையின்மேல் விழுந்தது.

ஃபாக்டரியில் எந்தத் தாளை எடுத்தாலும் வலது மூலையில் தேதி போட்டுத்தான் தொடங்குவார் ஓஸ்வால்ட். அந்தப் பழக்கம் விடவில்லை. உறையின் மூலையிலும் சின்னதாகத் தேதி இருந்தது.

நிக்கோல் அதை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். போன வருஷம் பிப்ரவரியைத்தான் கண் தேடியது.

14.9.98.

போன மாதம்.

அவள் தினமும் இரண்டு வேளை நீந்திக்கொண்டிருந்த மாதம். அவர் தினமும் கரையில் நின்று நேரம் குறித்துக்கொண்டிருந்த மாதம்.

பஸ் கிளம்பிவிட்டது. நிக்கோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, நிற்பவர்களை இடித்துத் தள்ளியபடி கதவை நோக்கி ஓடினாள்.

"நிறுத்துங்க! ஸார், நிறுத்துங்க! எறங்கணும்!"

"இல்லி ஸ்டாப் இல்லம்மா, இங்க நிக்காது" என்றார் கண்டக்டர், விசிலை எடுக்காமலே.